மனுவா எழுதிக் குடுத்திருங்க

"நீங்க சொல்றது கரெக்ட்டுதான் சார். அதை அப்படியே ஒரு மனுவா எழுதிக் குடுத்திருங்க." இதைச் சொன்ன உதவிப் பொறியாளர் நல்ல மனிதர். குரலில் எரிச்சல் இல்லை, என்னை உட்காரவைத்துவிடும் அவசரமும் இல்லை. நான்கைந்து பேர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். நானும் நன்றி சொல்லி உட்கார்ந்து, பக்கத்திலிருந்தவரிடம் ஒரு வெள்ளைத்தாள் வாங்கி, அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் போட்டு, 'ஐயா' என்று ஆரம்பித்தேன். எங்கள் தெருமுனையில் மழைநீர் வடிகால் பாதியில் நிற்பதை எழுதி, 'தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று முடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மதியம் வீட்டில் சோற்றில் குழம்பு ஊற்றும்போதுதான் உறைத்தது. நான் பேசப் போயிருந்தேன். மனு கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

அது 2022 நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினம். கிராம சபை மாதிரி, நகரத்தில் அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசுவதற்கான பகுதி சபைக் கூட்டங்கள் தமிழ்நாட்டில் முதன்முறையாக நடந்த நாள். முதலமைச்சரே தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்த பம்மலில் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருந்ததை டிவியில் காட்டினார்கள். எங்கள் பகுதிக்கு சமுதாயக் கூடத்தில் நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு ஃபிளெக்ஸ், ஒரு மைக், டீ, பிஸ்கட். எந்த மாநகராட்சி என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் இது அந்த அலுவலகத்தின் மேல் புகாராகிவிடும். புகார் எழுத எனக்கு நன்றாகவே வரும் என்பதுதான் இங்கே பிரச்சினையே.

அன்றிலிருந்து அந்த வாக்கியம் என்னை விடவில்லை. அதில் தப்பாக ஒரு சொல் கூட இல்லை. எழுத்தில் இருந்தால்தானே நடவடிக்கை எடுக்க முடியும்? இருந்தாலும் எழுந்து நின்று நாற்பது பேர் கேட்கப் பேசிக்கொண்டிருந்த ஒருவனை அந்த ஒற்றை வரி கவுன்டர் முன்னால் வரிசையில் நிற்பவனாக மாற்றிவிட்டது. அதில் எனக்கு அப்போது வருத்தம் கூட வரவில்லை, நிம்மதியாகத்தான் இருந்தது. அதை நினைத்தால்தான் இன்னும் கூச்சமாக இருக்கிறது.

வேப்பமரமும் நீள நோட்டும்

எங்கள் ஊர் 2011 வரை ஊராட்சி. அந்த வருடம்தான் மாநகராட்சி எல்லை விரிந்து எங்களையும் விழுங்கியது. அதற்கு முன்னால், 1994 ஊராட்சிச் சட்டம் வந்த பிறகு 1996-இல் நடந்த முதல் தேர்தலில் அப்பா வார்டு உறுப்பினராக ஜெயித்தார். அவரோடு கிராம சபைக்குப் போய் ஓரமாக உட்கார்ந்து முறுக்கு தின்றிருக்கிறேன். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் ஜமுக்காளம். மைக் கிடையாது, கத்தத்தான் வேண்டும். கிளார்க் மடியில் நீளமான ஒரு நோட்டு.

அதைப் பொற்காலமாக்கிக் கதைவிட நான் தயாரில்லை. காலனியிலிருந்து வந்தவர்கள் ஜமுக்காளத்துக்கு வெளியே நின்றுதான் பேசினார்கள், அதையும் இதே கண்ணால் பார்த்திருக்கிறேன். குறைவெண் வரம்புக்கு ஆள் சேராவிட்டால் சாயங்காலம் நோட்டைத் தூக்கிக்கொண்டு வீடுவீடாகப் போய்க் கையெழுத்து வாங்குவார்கள். உத்திரமேரூர் குடவோலையைப் பற்றி மேடையில் முழங்காத தலைவர் நம்மிடம் கிடையாது. அந்தக் கல்வெட்டிலேயே ஓலையில் பெயர் எழுதப்படச் சொந்த நிலம் வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. ஜமுக்காளத்துக்கு ஓரம் என்பது பழைய சங்கதி.

ஆனால் ஒன்று. கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அப்பத்தா கேட்பது ஒரே கேள்விதான்: "தீர்மானம் போட்டாகளா?" யார் என்ன பேசினார்கள், யார் யாரைத் திட்டினார்கள் என்பதெல்லாம் அப்புறம். கண்மாய் மடை உடைந்ததா, ரேஷன் கடை வேண்டுமா, அது தீர்மானமாக நோட்டில் ஏறியதா? ஏறிவிட்டால் அது ஊருடையது. அப்பாவுக்குப் பின்னால் வருபவரும் பதில் சொல்ல வேண்டும். ஏறவில்லையென்றால் அது வெறும் பேச்சு. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத அப்பத்தாவுக்கு இது தெரிந்திருந்தது.

இந்த நோட்டின் கனம் என்னவென்று பரந்தூர் பக்கம் ஏகனாபுரத்துக்காரர்களைக் கேட்டால் தெரியும். விமான நிலையம் வேண்டாம் என்று 2022 ஆகஸ்ட் 15-இல் தொடங்கி, கிராம சபை கூடும்போதெல்லாம் தீர்மானம் போட்டார்கள். திட்டம் அதனால் நின்றுவிடவில்லை. ஆனாலும் 'ஊர் சம்மதித்துவிட்டது' என்று ஒருவரும் சொல்லிவிட முடியாதபடி எண் போட்ட தீர்மானங்கள் கிடக்கின்றன. ஒடிசாவில் நியம்கிரி மலையில் பாக்சைட் எடுக்கலாமா என்பதை கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபோது, பன்னிரண்டு ஊர் கூடிப் பன்னிரண்டும் வேண்டாம் என்றன. சுரங்கம் வரவில்லை.

நகரத்துக்கு அந்த நோட்டு கிடையாது. அரசியல் சட்டத்தின் 73-ஆவது திருத்தம் கிராமத்துக்குச் சபையைக் கொடுத்தது. கூடவே வந்த 74-ஆவது திருத்தம் நகரத்துக்கு மன்றத்தைக் கொடுத்தது, மக்கள் கூடும் சபையைக் கொடுக்கவில்லை. மூன்று லட்சம் பேருக்கு மேல் இருக்கும் ஊரில் வார்டு குழுக்கள் இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லி, அதில் யார் உட்காருவது என்பதை மாநிலத்திடம் விட்டுவிட்டது. ஜவஹர்லால் நேரு பெயரிலான நகர்ப்புறத் திட்டத்தில் டெல்லிப் பணம் வாங்க வேண்டுமென்றால் மக்கள் பங்கேற்புக்குச் சட்டம் வேண்டும் என்று நிபந்தனை இருந்தது. 2010-இல் இங்கே சட்டத்தைத் திருத்தினார்கள். அதற்கான விதிகள் வந்தது 2022-இல். நடுவில் பன்னிரண்டு வருடம். அந்தப் பன்னிரண்டில் கடைசி ஐந்து சொச்சம் வருடம், 2016 அக்டோபரில் இருந்து 2022 பிப்ரவரித் தேர்தல் வரை, எங்களுக்குக் கவுன்சிலரே இல்லை, தனி அலுவலர்தான். சென்னைக்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். 1973-இல் கலைத்த மாநகராட்சி மன்றத்துக்கு 1996-இல்தான் தேர்தல் பார்த்தவர்கள் அவர்கள்.

மாநகராட்சியோடு எங்களைச் சேர்க்காதே என்று இப்போதும் ஊராட்சிகள் போராடுகின்றன. வரி ஏறும், நூறு நாள் வேலை போகும் என்பார்கள். நியாயம்தான். கிராம சபை போகும் என்று சிலர் சேர்த்துச் சொல்லும்போது பேப்பரில் அது கடைசி வரியாக வருகிறது. நான் முதல் வரியில் போடுவேன்.

இரண்டு நிமிடம்

அக்கா மகள் கலிஃபோர்னியாவில் சான் ஹோசேக்குப் பக்கத்து ஊரில் இருக்கிறாள். போன வருடம் வீடியோ ஒன்று அனுப்பினாள். நகர மன்றக் கூட்டத்தில் அவள் பேசுகிறாள். பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ரோட்டைக் கடக்க வழி வேண்டும் என்பது விஷயம். பேச இரண்டு நிமிடம். மேடையில் ஒரு விளக்கு: பச்சை, மஞ்சள், சிவப்பு. சிவப்பு வந்ததும் வாக்கியத்தின் நடுவில் நிறுத்திவிட்டாள். மேயர் நன்றி சொல்லி அடுத்த பெயரைக் கூப்பிட்டார். ஒருவரும் ஒரு பதிலும் சொல்லவில்லை.

எனக்கு ரத்தம் கொதித்தது. "இதென்னம்மா மரியாதை? இங்கேயாவது டீ குடுத்து மனுவ வாங்கிக்கிறாங்க" என்றேன். அவள் சிரித்தாள். "மாமா, அஜெண்டால இல்லாத விஷயத்துல அவங்க அந்த எடத்துல முடிவெடுக்கக் கூடாது. சட்டமே அப்படி."

பிரவுன் சட்டம் என்று ஒன்று, 1953-இல் வந்தது. வழக்கமான கூட்டத்துக்கு எழுபத்திரண்டு மணி நேரம் முன்னால் என்ன பேசப் போகிறோம் என்று பொது இடத்தில் ஒட்டிவிட வேண்டும். ஒட்டிய ஒவ்வொன்றைப் பற்றியும் முடிவெடுக்கும் முன்னால் மக்கள் பேச இடம் கொடுக்க வேண்டும். ஒட்டாததைப் பற்றியும் பேசலாம். ஆனால் கேட்டுக்கொள்ளத்தான் முடியும், முடிவெடுக்க முடியாது. ஏனென்றால் அந்த முடிவால் பாதிக்கப்படுகிற இன்னொருவர் அன்று வீட்டில் இருக்கலாம், அவருக்குச் சொல்லாமல் முடிவெடுக்கக் கூடாது. இதைக் கேட்டபிறகு அந்த இரண்டு நிமிடத்தை நான் வேறு மாதிரிப் பார்க்க ஆரம்பித்தேன். எங்கள் கூட்டத்துக்கு அறிவிப்பு எப்போது வருகிறது? முந்தின நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு, வாட்ஸ்ஆப்பில், குட் நைட் ரோஜாப் படங்களுக்கு நடுவே.

அங்கே எல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. அவளே சொன்னாள், அன்று பேசியவர்களில் பாதிப்பேர் தங்கள் தெருவில் அடுக்குமாடி வரக்கூடாது என்று சொல்ல வந்த சொந்த வீட்டுக்காரர்கள் என்று. மாசசூசெட்ஸ் மாநிலத்து ஊர்களில் வீடு கட்டுவது பற்றிய கூட்டங்களை பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலசியபோதும் இதேதான் தெரிந்தது. பேசுகிறவர்கள் மற்றவர்களைவிட வயதானவர்கள், சொந்த வீடு உள்ளவர்கள், பெரும்பாலும் புதிய வீடுகளை எதிர்ப்பவர்கள். வாடகைக்கு இருப்பவர் வேலையில் இருப்பார். எனக்கு இதில் பிடித்தது வேறொன்று. இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? யார் வந்தார், என்ன சொன்னார் என்று கூட்டக் குறிப்பில் எழுதி வைத்திருந்தார்கள். அங்கேயும் நோட்டுதான்.

இட்லிக்கடைப் பெரியம்மா

இப்போது எங்கள் பகுதி சபையின் இரண்டாவது கூட்டத்துக்கு வருகிறேன். முதல் கூட்டத்தில் நிறைந்திருந்த நாற்காலிகளில் பத்து காலி. எங்கள் பகுதிக்கென்று ஒரு பிரதிநிதி உண்டு. அவரை நாங்கள் தேர்ந்தெடுப்பதில்லை, மன்றம் நியமிக்கிறது. அவர் வரவேற்றார். கவுன்சிலர் நடுவில், அவர் கணவர் பக்கத்து நாற்காலியில். பிறகு ஒரு குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர் ஃபைலோடு எழுந்து தெருநாய்கள், பூங்கா நடைபாதை, பூங்காவின் பூட்டு என்று இருபத்தைந்து நிமிடம் பேசினார். விளக்கு எதுவும் எரியவில்லை. எனக்கு அக்கா மகளின் சிவப்பு விளக்கு ஞாபகம் வந்தது.

அப்புறம் பெரியம்மா எழுந்தார். ரேஷன் கடை முக்கில் இட்லிக்கடை. எழுபது வயதிருக்கும். நான் சின்னப் பையனாக இருந்தபோது கிராம சபையில் அப்பாவோடு மல்லுக்கு நின்றவர். அவர் வீட்டு வரிசைக்குப் பின்னால் ஓர் ஓடை. மழை பெய்தால் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். அதை அவர் சொல்லி முடிக்கவும், உதவிப் பொறியாளர் அதே நல்ல குரலில், "பாட்டி, அதை ஒரு மனுவா..."

"மனு வேணாம் சாமி. திங்கக்கெழம கலெக்டர் ஆபீசுல குடுத்தாச்சு, ஒங்க ஆபீசுல குடுத்தாச்சு, ரசீது மட்டும் பிஸ்கட் டப்பா நெறைய கெடக்கு. நோட்டுல எழுதுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். பிறகு சிரிப்பு அடங்கியது, ஏனென்றால் நோட்டு இல்லை. வந்தவர்கள் கையெழுத்துப் போட்ட வருகைப் பதிவேடு ஒன்றுதான் மேஜையில் இருந்தது. "எழுதிக்கிறோம் பாட்டி, நீங்க உக்காருங்க" என்றார் கவுன்சிலரின் கணவர். பெரியம்மா உட்காரவில்லை. அரை நிமிடம் இருக்கும். ஃபேன் சத்தம் மட்டும். அதுவரை ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்த கவுன்சிலர், யாரையும் பார்க்காமல், "எழுதிருங்க சார்" என்றார்.

பொறியாளர் பதிவேட்டைத் தலைகீழாகத் திருப்பிக் கடைசிப் பக்கத்திலிருந்து எழுதினார். "வாசிங்க" என்றார் பெரியம்மா. அவர் வாசித்தார்: "ஓடையில் அடைப்பு உள்ளதால் மழைக்காலத்தில் நீர் தேங்குவதாகப் பொதுமக்கள் தெரிவித்தனர்."

"அடைப்பு இல்ல சாமி. அடைச்சிருக்காக. அடைப்புன்னா குப்ப கூளம் தானா வந்து அடைக்கிறது. இது லாரி லாரியா மண்ணடிச்சு அடைச்சது. பொதுமக்கள்னு வேற போடுறீக. எம்பேரு இருக்குல்ல, அதப் போடுங்க."

நான் பிழைப்புக்குக் கணக்கு எழுதுகிறவன். சொல்லை எடை போடுவதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. மனு எழுதிய எனக்கு 'அடைப்பு உள்ளது' என்ற இடத்தில் ஒன்றும் உறுத்தவில்லை. நான் எழுதிய மனுவே 'வடிகால் பணி முழுமையடையாமல் உள்ளது' என்றுதான் ஆரம்பித்தது. யார் முழுமையாக்கவில்லை? மனுவின் மொழியில் எதையும் யாரும் செய்வதில்லை. தண்ணீர் தேங்குகிறது, விளக்கு எரிவதில்லை, பணி நிற்கிறது. செய்தவர் பெயரைச் சொன்னால் மனு வாங்குகிறவருக்குச் சங்கடம் வரும் என்று பார்த்துப் பார்த்து எழுதுகிறோம். படிக்காதவர் அந்த மரியாதையைக் கற்றுக்கொள்ளவில்லை, அதனால் அவர் காதில் அது பொய்யாக விழுந்தது.

பொறியாளர் அடித்துவிட்டு 'அடைக்கப்பட்டுள்ளதாக' என்று திருத்தினார். யார் அடைத்தது என்பதை விசாரித்துத்தான் எழுத முடியும் என்றார். "சரி, விசாரிக்கணும்னு எழுதுங்க. எத்தன நாள்ல?" ஒரு மாதம் என்றார். அதுவும் ஏறியது. பிறகு பெரியம்மா எங்கள் பக்கம் திரும்பி, "சம்மதம்னா கையத் தூக்குங்க" என்றார்.

இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடலாம் என்று இரண்டு தடவை அழித்து எழுதினேன். அந்த ஓடைக்கு மேல் மண்ணடித்துப் பிரித்த பிளாட்டில் ஒன்று என் மச்சானுடையது. கிரயம் முடிந்த அன்று அவன் கொடுத்த பாதுஷாவை நான் சாப்பிட்டிருக்கிறேன். மனுவில் கையெழுத்துப் போடச் சொல்லியிருந்தால் யாருக்கும் தெரியாமல் போட்டிருப்பேன், அல்லது யாருக்கும் தெரியாமல் போடாமல் இருந்திருப்பேன். கையைத் தூக்குவது அப்படி இல்லை. மச்சானின் பக்கத்து வீட்டுக்காரர் மூன்றாவது வரிசையில் இருந்தார். அவர் என்ன செய்கிறார் என்று பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். கடைசியில் கிட்டத்தட்ட எல்லோரும் தூக்கிய பிறகு, காதைச் சொறிகிறவன் மாதிரி தூக்கினேன். பிரதிநிதி எண்ணினார். இருபத்தாறு. அந்த இருபத்தாறில் நான் எத்தனையாவது என்று எனக்கு மட்டும் தெரியும்.

'மனுவா எழுதிக் குடுத்திருங்க' ஏன் எனக்கு நிம்மதியாக இருந்தது என்பது அன்றுதான் புரிந்தது. மனு எனக்கும் அரசாங்கத்துக்கும் நடுவில் உள்ளது. பக்கத்து நாற்காலிக்காரரை நான் பார்க்கவே வேண்டாம். பேசினால், அதுவும் தீர்மானம் என்று வந்தால், அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். மச்சான் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. தங்கச்சி நடுவில் கிடந்து அல்லாடினாள். மக்கள் ஏன் கூட்டத்துக்கு வருவதில்லை என்று கேட்கிற கட்டுரைகளில் அக்கறையின்மை, நேரமின்மை என்றெல்லாம் போடுகிறார்கள். சொந்தக்காரன் என்ற காரணத்தை யாரும் போடுவதில்லை.

கூட்டம் கலையும்போது அந்தக் கடைசிப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன். ஏன் என்று அப்போது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

ஒரு மாதம் இரண்டானது. சர்வேயர் வந்தார், சங்கிலி போட்டு அளந்தார், சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டுப் போனார். அடுத்த மழையில் கோடு கரைந்தது. மண் அப்படியே இருக்கிறது. அடுத்த கூட்டம் இரண்டு தடவை தள்ளிப்போய் நடந்தபோது புதுப் பொறியாளர், புதுப் பதிவேடு. போன கூட்டத்தில் எழுதியதை வாசிக்கச் சொன்னார் பெரியம்மா. பழைய நோட்டு ஆபீசில் இருக்கிறது என்றார்கள். நான் எழுந்து போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கி வாசித்தேன், தேதி, இருபத்தாறு, 'அடைக்கப்பட்டுள்ளதாக' எல்லாம். புதியவர் போனை வாங்கி உற்றுப் பார்த்துவிட்டு, அதைப் புதுப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டார். முதல் பக்கம், கடைசிப் பக்கம் இல்லை. வடிகால் பற்றிய என் மனு எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

நேற்று ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் குரூப்பில் செய்தி வந்தது, இன்று காலை பதினொரு மணிக்குப் பகுதி சபை என்று. விடிந்ததும் இட்லி வாங்கப் போனேன். பெரியம்மா சட்னியை ஊற்றிக்கொண்டே கேட்டார்.

"தம்பி, அந்தப் படம் இருக்குல்ல?"

"இருக்கு பெரியம்மா."

"போன சார்ஜு போட்டு எடுத்துட்டு வா."